புல் பட்ட பந்து

பொம்மை ஒரு செவ்வாய்க்கிழமை பார்சலில் வந்தது. ஆர்லீன்தான் பிரித்தாள். சமையலறை ஜன்னலோரம், பாத்திரம் துலக்கும் சோப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, தலையில் ஒரு சுண்டு சுண்டினாள். அது ஆமாம் ஆமாம் என்று ஆட்டியது.

"பாரு டெல், உன்னைவிட நல்லா இருக்கான். தலையில முடிகூட இருக்கு."

டெல்பர்ட் ஸ்ட்ரவுட் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு சாண் உயரத் தலையாட்டி பொம்மை. கிரான்டன் ஹெரன்ஸ் பேஸ்பால் குழுவின் பழைய சட்டை, நெஞ்சில் கொக்குப் படம். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, கையுறை போட்ட இடது கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கையுறைக்குள் பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் பந்து. பீடத்தில் பொன்னெழுத்து: 'அந்தக் கேட்ச், 1983.'

ஜூன் மாதமே கிரான்டனிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். குழுவின் விளம்பர வேலையைப் பார்ப்பவள். குரலைக் கேட்டால் கல்லூரி முடித்து ஆறு மாதம் ஆகியிருக்காது. ஆகஸ்ட் இருபதாம் தேதி ஆட்டத்துக்கு முதலில் வரும் ஆயிரம் பேருக்கு ஸ்ட்ரவுட் பொம்மை இலவசம் என்றும், ஆட்டம் தொடங்கும் முன் அவர் மைதானத்தின் நடுவில் போய் நின்று அதே மாதிரி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாள். அவர் சரி என்றார். அந்தக் கேட்சைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் முப்பத்தொன்பது வருடமாக அவர் சொல்லிவந்த பதில் அதுதான்.

அன்று மாலை பொம்மையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் காலை ஆர்லீன் அதை உள்பக்கம் திருப்பினாள். அவர் மறுபடி திருப்பினார். மூன்றாம் நாள் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

டெல்பர்ட் பதினெட்டு வயதில் பள்ளிக்கூடம் முடிந்த மறு வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர். பேஸ்பாலில் பெரிய லீக் என்பது மாடியின் உச்சி. அதற்குக் கீழே சின்ன லீகுகள் படிப்படியாக இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் உச்சியைப் பார்த்தபடி நூற்றுக்கணக்கான பையன்கள் நிற்கிறார்கள்; முக்கால்வாசிப் பேர் நின்ற படியிலிருந்தே வீட்டுக்குப் போகிறார்கள். டெல்பர்ட் பதினொரு வருடம் படிகளில் நின்றார். பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம், கடுகு சாஸ் தடவிய ரொட்டிக்குள் ஒரு துண்டு இறைச்சி, விடுதி அறையில் நான்கு பேர். குளிர்காலத்தில் ஊருக்கு வந்து மாட்டுத் தீவன ஆலையில் மூட்டை ஏற்றுவார். ஆர்லீனைக் கட்டிக்கொண்ட பிறகு ஐந்து ஊர்களில் ஏழு வாடகை வீடுகள்.

மட்டை அவருக்குச் சுமாராகத்தான் வரும். ஆனால் வெளிக்களத்தில் நிறுத்தினால் கண்ணை எடுக்க முடியாது. மட்டையின் சத்தம் காதில் விழுந்ததுமே பந்து எங்கே இறங்கும் என்று அவர் கால்களுக்குத் தெரிந்துவிடும். தலையைத் திருப்பாமல் ஓடிப்போய், அது வரும் இடத்தில் முன்கூட்டியே காத்திருப்பார்.

வெளிக்களத்துக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தால், எழுவதற்கு முன்பே கையுறையை உயர்த்திக் காட்டிவிட வேண்டும். தொலைவிலிருந்து ஓடிவரும் அம்பயருக்கு வேறு சாட்சி கிடையாது. பிடி, காட்டு என்று இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். யோசிக்கிறவன் கை உயராது. கை உயராதவனுக்கு அவுட் கிடையாது. பந்து புல்லில் பட்டுக் குதித்து வந்திருந்தாலும் காட்டுவார்கள். அந்த உலகத்தில் இதற்குப் பொய் என்று பெயரில்லை. தீர்ப்புச் சொல்வது அம்பயர் வேலை என்பார்கள். மட்டை பிடித்து நிற்பவனும் நாளைக்கு வெளிக்களத்தில் இதையே செய்வான் என்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

1983 ஆகஸ்ட் கடைசி நாள், சீசனின் கடைசி ஆட்டம். டெல்பர்ட்டுக்கு இருபத்தொன்பது வயது. உச்சிக்கு ஒரு படி கீழே, கிரான்டனில் அது அவருக்கு நான்காவது வருடம். காலையிலேயே மேனேஜர் ஹோபர்ட் கிளைன் அவரைத் தனியே அழைத்து, மேலிருந்து ஒரு ஆள் வந்திருப்பதாகவும் நடு வெளிக்களத்துக்கு ஒருவரைத் தேடுவதாகவும் சொன்னார். "புதுசா ஒண்ணும் செய்யாத. வர்றதைப் பிடி, போதும்" என்றார்.

கடைசி இன்னிங்ஸ். கிரான்டன் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. எதிரணிக்கு இரண்டு அவுட் ஆகியிருந்தது, இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் ஆட்கள். அடித்த பந்து தரையில் விழுந்தால் இரண்டு பேரும் ஓடிவந்து ஆட்டத்தை ஜெயித்துவிடுவார்கள். மட்டையோடு வந்தவர் வெண்டல் ப்ராஸர். அவரும் படியில் நின்றவர்தான், முப்பத்திரண்டு வயது. முதலில் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய்க் கூட்டத்துக்குள் விழ, அம்பயர் பையிலிருந்து புதுப் பந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அதை வெண்டல் தாழ்வாக, நேராக, நடு வெளிக்களத்துக்கு முன்னால் அடித்தார்.

டெல்பர்ட் ஓடிவந்து பாய்ந்தார். மார்பு தரையில் உராய்ந்தது. பந்து முதலில் புல்லைத் தொட்டு, தொட்ட அதே கணத்தில் கையுறைக்குள் வந்தது. ஒரு விரல் கனம்கூட இருக்காது. ஆனால் அந்தத் துள்ளல் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்தது மனதுக்குப் போய்ச் சேரும் முன்பே கை உயர்ந்துவிட்டது.

அம்பயர் முஷ்டியை உயர்த்தி அவுட் என்றார். ஆட்டம் முடிந்தது. எல்லாரும் ஓடிவந்து அவர் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு, இப்போதுகூடச் சொல்லலாம் என்று நினைத்தார். எழுந்து பார்த்தபோது முதல் தளத்தைத் தாண்டிய இடத்தில் வெண்டல் ப்ராஸர் நின்றுகொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி, டெல்பர்ட்டைப் பார்த்து ஒருமுறை உயர்த்திவிட்டு, திரும்பி நடந்தார். அப்படி ஒரு கேட்சுக்கு எதிரணிக்காரன் செய்யும் மரியாதை அது.

உடைமாற்றும் அறையில் மேனேஜர் அந்தப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் பச்சையாகத் தீற்றியிருந்தது. கொடுக்கும் முன் கிளைன் கட்டைவிரலால் அதை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. "பெட்டியில வை. எல்லாருக்கும் காட்டிட்டுத் திரியாத" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை டெல்பர்ட் விமானத்தில் பெரிய லீகுக்குப் போனார். அன்று காலையே வெண்டல் ப்ராஸரை அவருடைய குழு விடுவித்துவிட்டது. மாலைப் பத்திரிகையில் அது ஒரே ஒரு வரியாக வந்திருந்தது. விமானத்தில் உட்கார்ந்தபடியே டெல்பர்ட் அதைப் படித்தார்.

பெரிய லீகில் நான்கு வருடம். பெரும்பாலும் ஆட்டம் முடியும் நேரத்தில், எட்டாவது இன்னிங்ஸில், ஓட முடியாத ஒரு பெருத்த ஆட்டக்காரருக்குப் பதிலாக இறங்கி நிற்கும் வேலை. உயரமாக வந்த பந்தெல்லாம் அவருக்கு அடங்கியது. தாழ்வாக வந்த பந்துதான் அடங்கவில்லை. பாய வேண்டிய இடத்தில் கால் தயங்கும். நின்று, ஒருமுறை குதிக்கவிட்டு, பிறகு எடுப்பார். மறுபடி ஒரு பந்து புல்லோரமாய் வந்து, மறுபடி கை தானாக உயர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் பயம். அதை யாரிடம் சொல்வது? நான்காவது வருடம் அப்படி நின்றதில் இரண்டு ஓட்டம் போய் ஆட்டமும் போனது. ஏன் பாயவில்லை என்று பயிற்சியாளர் கேட்டார். டெல்பர்ட் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயந்துவிட்டான் என்று பேப்பரில் எழுதினார்கள். முப்பத்து மூன்று வயதில் அனுப்பிவிட்டார்கள். எந்தக் கேட்ச் அவரை மேலே ஏற்றியதோ அதுவே கையைப் பிடித்துக் கீழே இறக்கியும் விட்டது.

பிறகு ஊரில் டயர் கடை வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார்த்தும் ஊழியம். 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை' என்று சபை முழுக்கச் சேர்ந்து சொல்லும் இடத்தில், முதல் சொல்லில் அவர் குரல் இறங்கிவிடும்.

இதையெல்லாம் ஆர்லீன் அந்த மூன்றாம் நாள்தான் அவர் வாயால் கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பந்தை சாக்ஸுக்கு அடியில வச்சப்பவே நினைச்சேன். ஜெயிச்ச பந்தை யாரும் ஒளிச்சு வைக்க மாட்டாங்க."

"அப்ப நீ ஏன் கேக்கல?"

"கேட்டா என்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்ப. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் அன்னைக்கு மட்டை பிடிக்கல."

வெண்டலின் விலாசத்தை அவளே தேடிப் பிடித்தாள். சனிக்கிழமை காலை வாழைப்பழ ரொட்டி ஒன்று சுட்டு, சூடு ஆறும் முன் தாளில் சுற்றி, வண்டியின் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பந்தை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒஹாயோவுக்கு நாலு மணி நேரம். வழியில் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டார். எல்லாமே பிரசங்கம் போல இருந்தது.

வெண்டல் ப்ராஸர் முன்வாசலில் உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது, இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் செய்த தழும்பு, காலடியில் ஒரு பழுப்பு நாய். வண்டியிலிருந்து இறங்கியவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு நாயைத் தட்டினார்.

"டேய் ஸ்ட்ரவுட், எழுந்திரு. உன் பேருக்குச் சொந்தக்காரன் வந்திருக்கான்."

டெல்பர்ட்டுக்குப் புரியவில்லை.

"இது ரெண்டாவது ஸ்ட்ரவுட். முதல் ஸ்ட்ரவுட் செத்துப்போச்சு" என்றார் வெண்டல். "ரெண்டும் நல்ல நாய். எதை எறிஞ்சாலும் தரையில விழ விடாது."

உள்ளே அழைத்துப் போனார். மகள் டெனீஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றும் சொன்னார். மனைவி இறந்த பிறகு அவள்தான் கூட இருக்கிறாள். டெல்பர்ட், தன் மனைவி சுட்டது என்று சொல்லி ரொட்டிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பழைய பேப்பர் படம் ஒன்று தொங்கியது. முட்டி ஊன்றி, கையுறையை வானத்துக்கு உயர்த்திய ஒரு இளைஞன்.

"என் வீட்டுல நான் ஆடின போட்டோ ஒண்ணுகூட இல்ல. உன்னோடதுதான் இருக்கு" என்று சிரித்தார் வெண்டல். "கல்யாணத்துக்கு வந்தவங்க, சாவுக்கு வந்தவங்க, எல்லாருக்கும் காட்டியாச்சு. இனி ஆளோடயே காட்டலாம்."

டெல்பர்ட் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது. பந்தை எடுத்து மேஜைமேல், பச்சை தெரியும்படி வைத்தார்.

"அன்னைக்கு அதுக்கு முந்தின பந்து கூட்டத்துல போய் விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா? அம்பயர் புதுசு போட்டார். இது அந்தப் புதுசு. நீ அடிச்சது ஒரு தடவை. தரையில பட்டதும் ஒரே தடவை. நான் பிடிக்கல வெண்டல். கை அப்பவே உணர்ந்துச்சு. ஆனாலும் தூக்கிட்டேன்."

வெண்டல் பந்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். சமையலறையில் குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"முந்நூத்தி ஒண்ணு" என்றார் வெண்டல்.

டெல்பர்ட்டுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் எத்தனை முறை அடி விழும் என்ற கணக்குத்தான் ஒரு ஆட்டக்காரனின் பெயருக்குப் பின்னால் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பது. முந்நூறைத் தொட்டவன் ஒரு ஜாதி, தொடாதவன் வேறு ஜாதி. 1983இல் வெண்டல் ப்ராஸரின் கணக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் முடிந்தது. அந்த வருடம் அவர் மட்டை பிடித்தது சுமார் ஐந்நூறு முறைதான் என்பதால், ஒரு அடி கூடினால் ஆயிரத்துக்கான கணக்கில் இரண்டு ஏறும்.

"அது விழுந்திருந்தா முந்நூத்தி ஒண்ணு. முந்நூறு அடிச்சவனை மறுநாள் காலையில வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ஒரு வருஷமாவது வச்சுப் பார்ப்பாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை சொல்வதுபோல இருந்தது.

டெல்பர்ட் மன்னிப்புக் கேட்டார். கிரான்டனில் இருபதாம் தேதி நடக்கப்போவதையும், பொம்மையையும் சொன்னார். அன்று மைக்கை வாங்கி, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது நெஞ்சில் ஏதோ தளர்வது தெரிந்தது. வழியெல்லாம் அதற்காகத்தான் காத்திருந்தார்.

வெண்டல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். நீ ஏன் பெரிய லீகுக்குப் போகலன்னு கேக்காத ஆளே இல்ல. என்கிட்ட இருந்த பதில் ஒண்ணுதான். நான் நல்லாத்தான் அடிச்சேன், எவனாலயும் பிடிக்க முடியாததை ஒருத்தன் பிடிச்சுட்டான். என் பொண்டாட்டி சாகறவரைக்கும் இதை நம்பினா. டெனீஸ் சின்னப் புள்ளையா இருந்தப்ப ஸ்கூல்ல கட்டுரை எழுதினா. என் வாழ்க்கை ஒரு பெரிய விஷயத்துக்கு முன்னால தோத்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அதுல ஒரு மரியாதை இருந்துச்சு ஸ்ட்ரவுட்."

அவர் பந்தை மேஜைமேல் ஒருமுறை உருட்டினார்.

"இப்ப நீ வந்து, அதெல்லாம் இல்ல, ஒரு சாதாரண ஏமாத்துக்காரன்கிட்டதான் தோத்தேன்னு சொல்ற. அன்னைக்கு என் அடியை எடுத்துக்கிட்ட. இன்னைக்கு என் தோல்வியையும் எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்க."

 வண்டியில் நாலு மணி நேரம் டெல்பர்ட் ஒத்திகை பார்த்த பேச்சில் இது வரவே இல்லை.

"மைக்குல சொன்னா உனக்கு லேசாகும். கைதட்டக்கூடத் தட்டுவாங்க, எவ்வளவு நல்ல மனுஷன்னு. என் பொண்ணு அதை பேப்பர்ல படிப்பா. அதனால நீ சொல்லக் கூடாது. போ, நடுவுல நில்லு, கையைத் தூக்கு. அன்னைக்குத் தூக்கின மாதிரியே உயரத் தூக்கு. வாயைத் திறக்காத."

"அது பொய் வெண்டல்."

"தெரியும். முப்பத்தொன்பது வருஷம் உனக்காக சொன்ன. மிச்ச காலம் எனக்காக சொல்லு."

டெல்பர்ட் பந்துக்காகக் கை நீட்டினார். வெண்டல் கொடுக்கவில்லை. "இது என் அடி. என்கிட்ட இருக்கட்டும்" என்றார். டெல்பர்ட் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "அதை வச்சுட்டுப் போ. உன் பொண்டாட்டி சுட்டது. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். பாரத்தை இறக்கிவைக்கப் போனவரிடம், இன்னும் கொஞ்சம் ஏற்றி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோ என்று அனுப்பியதுபோல இருந்தது. இது கடவுளுக்கு ஏற்குமா என்று அவருக்குத் தெரியவில்லை. பொய் சொல்லாதே என்பது தெளிவான கட்டளை. கட்டளையைக் காப்பாற்ற இன்னொருவன் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டும் என்றால் அப்போது என்ன செய்வது என்று அவர் எங்கேயும் படித்ததில்லை. இரவு ஆர்லீனிடம் கேட்டார்.

"இன்னைக்குப் போனது உனக்காக. இருபதாம் தேதி போறது அவருக்காக. ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "ரொட்டியை வாங்கிக்கிட்டாரா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் இருபது, மாலை ஆறு மணி, வெயில் இன்னும் சாயவில்லை. கிரான்டன் மைதானத்துக்குள் நுழைந்தவர்கள் கையிலெல்லாம் ஒரு டெல்பர்ட் ஸ்ட்ரவுட் தலையாட்டிக்கொண்டு போனார். அறிவிப்பாளர் அந்தக் கடைசி இன்னிங்ஸைத் தான் பிறப்பதற்கு முந்தைய போர்க்கதை மாதிரி விவரித்தார். டெல்பர்ட் பழைய கொக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடு வெளிக்களத்துக்கு நடந்தார். புல் அப்போது இருந்ததைவிட ஒழுங்காக வெட்டியிருந்தது. முட்டி ஊன்ற முடியவில்லை, நின்றபடியே திரும்பினார்.

முதல் தளத்துக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் வெண்டல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், நர்ஸ் உடுப்புக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண். மைக் பிடித்திருந்த அந்த விளம்பரப் பெண் டெல்பர்ட்டிடம் ஓடிவந்து, ஏதாவது பேசுகிறீர்களா என்று கேட்டாள். மைக் அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. உண்மை மூன்று சொல்தான்: நான் அதைப் பிடிக்கவில்லை. வெண்டல் அங்கிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று டெல்பர்ட் தலையசைத்தார். பிறகு கையை உயர்த்தினார்.

இருபத்தொன்பது வயதில் அது தானாக எழுந்தது, அவரைக் கேட்கவில்லை. இப்போது தோளிலிருந்து அங்குலம் அங்குலமாக அவரே தூக்க வேண்டியிருந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையில் வெண்டல் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொப்பியைக் கழற்றி, ஒருமுறை உயர்த்தினார். மகள் அப்பாவின் முதுகில் கை வைத்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கிய பிறகு டெல்பர்ட் அவர்கள் இருந்த இடத்துக்குப் போனார். டெனீஸ் எழுந்து கைகுலுக்கினாள். நேராகப் பார்த்துப் பேசுகிற பெண்.

"ஸார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரைக் கேட்டே வளந்தவ நான். ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அந்தப் பந்து உண்மையிலேயே தரையில படலையா?"

டெல்பர்ட் வாயைத் திறந்தார். அதில் இருந்து எது வந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"அவன்கிட்ட ஏன் கேக்கற?" என்றார் வெண்டல். "அவன் மூஞ்சி புல்லுக்குள்ள இருந்துச்சு. நான் ஓடிக்கிட்டே பாத்தேன். சுத்தமா பிடிச்சான்."

டெனீஸ் சிரித்து, பொம்மையையும் பேனாவையும் நீட்டினாள். அப்பா பெயருக்குக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். டெல்பர்ட் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, பீடத்தின் அடியில் எழுதினார். 'வெண்டல் ப்ராஸருக்கு.' அதற்குக் கீழே, பேனாவை எடுக்காமல், '301.' அதற்கும் கீழே தன் பெயர்.

"இது என்ன நம்பர்?"

வெண்டல் பொம்மையை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்துக் காயட்டும் என்பதுபோல வாயால் ஒருமுறை ஊதினார்.

"என் பஸ் நம்பர்" என்றார்.

"உங்க பஸ் நாற்பத்தி ரெண்டுப்பா."

"அது பின்னாடி வந்த பஸ். நீ போய் வண்டியை வாசலுக்குக் கொண்டா, எனக்கு முட்டி வலிக்குது."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் படியேறிப் போனாள். இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். வெளிக்களத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் உயரமான பந்து ஒன்றை அலட்டாமல் பிடித்து எறிந்தான்.

"இதனால உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத" என்றார் வெண்டல்.

"நினைக்கல."

"அந்தப் பந்தைத் தினமும் எடுத்துப் பாக்கறேன். பாக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

 வெண்டல் மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். "கையை நீட்டு" என்றார். டெல்பர்ட் நீட்டினார். கையிலிருந்து கைக்குக் கடலை விழுந்தது. ஒன்று மட்டும் விரலிடுக்கில் தப்பி, இருக்கைக்கு அடியில் உருண்டு போனது.

வெண்டல் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு டெல்பர்ட்டைப் பார்த்தார்.

"ஆமா, விழுந்துருச்சு" என்றார் டெல்பர்ட். "நான் பிடிக்கல."

வெண்டல் தலையைத் திருப்பிக்கொண்டு தன் கடலையை உடைக்க ஆரம்பித்தார். பொட்டலத்தை மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.